பின்பக்கம் இல்லாத வீடு

1. செல்போனோடு வந்தவர்

லீலா அக்கா எங்கள் அலுவலகப் படியேறி வந்தபோது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. வேலையிடத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு வீட்டின் படம். நான் எடுத்த படம்தான். ஓரத்தில் தேதியும் நேரமும் இடமும் பதிவாகியிருந்தன.

"சாரே, இந்த வீட்ட நீங்க நேருல போய் பாத்தியளா?"

"பாத்தேனே அக்கா. நான் தான் எடுத்தது."

"எங்க நின்னு எடுத்திய?"

"கேட்டுக்கு முன்ன."

"உள்ள போனியளா?"

போகவில்லை. இல்லை என்று தலையசைத்தேன்.

"அப்போ கேட்டுக்கிடுங்க. அந்த வீட்டுக்கு பின்வசம் கிடையாது. அங்க கலவை சுமந்தது நானாக்கும்."

இத்தனை வருடத்தில் ரிப்போர்ட்டில் பிழை என்று எத்தனையோ பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வீட்டுக்கே பின்பக்கம் இல்லை என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அப்படியும் ஒரு வீடு இருக்குமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பயமெல்லாம் பிறகுதான் வந்தது.

2. மூன்று வீடுகள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பேரில் பேங்கில் லோன் கேட்டால் அந்த வீடு என்ன விலை போகும் என்று வேல்யூவர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தாஸ் சார் அப்படிப்பட்ட வேல்யூவர், என்ஜினியர். நான் பத்தாம் வகுப்போடு அவரிடம் டேப் பிடிக்க வந்தவன். பிளான் போடுவதும் ரிப்போர்ட் அடிப்பதும் பார்த்துப் பார்த்துப் படித்தவை.

வீட்டை அளந்தால் மட்டும் விலை கிடைத்துவிடாது. பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய, ஏறக்குறைய அதே மாதிரியான மூன்று வீடுகளைக் காட்ட வேண்டும். அவற்றைக் கம்பேரபிள் என்போம். பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்றாகவும் கொடுத்த தொகை வேறாகவும் இருக்கும் என்பதால், ஊருக்குள் போய் நாலு பேரிடம் பேசித்தான் விலையைப் பிடிக்க வேண்டும். படமும் நேரில் போய் எடுக்க வேண்டும். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை ஒட்டினால் தாஸ் சார் ரிப்போர்ட்டைக் கிழித்துவிடுவார்.

யாரோ ஒருவர் வீட்டு முன்னால் போய் நின்று படம் எடுத்தால் சும்மா விடுவார்களா? எனக்குப் பிடித்ததே அந்தப் பேச்சுதான். புதுக்கடை ஊரில் ஒரு அம்மா, "முன்னமே சொல்லியிருந்தா காயப்போட்ட துணிய எடுத்து மாத்தியிருப்பேனே" என்று வருத்தப்பட்டார். இன்னொருவர் கேட்டைத் தாண்டி ஓடி வந்து, "வெலைய யாருகிட்ட வேணும்னாலும் சொல்லும், எனக்க பெஞ்சாதிகிட்ட மட்டும் சொல்லிராதயும்" என்றார். கடற்கரைப் பக்கம் ஒருவர் தலையைச் சீவிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நின்றார், மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொல்லி. இவற்றையெல்லாம் டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.

3. கேட்காமல் விட்ட கேள்வி

லீலா அக்காவின் வீடு திருவட்டாறு பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. ஓட்டு வீடு இருந்த இடத்தில் அவரும் கணவரும் சேர்ந்து கட்டிய சின்னக் கான்கிரீட் வீடு. அவர் கொத்தனாருக்குக் கையாள். கணவர் தென்னை ஏறுகிறவர், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் நாற்காலியில் வைத்து இரண்டு பேர் ரோடு வரை தூக்க வேண்டும். ரோட்டுக்கு வரும் வழியோ, முன்னால் கிடக்கும் நாலு சென்ட் காலி மனையின் ஓரத்தில் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடம். அந்த மனையை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். வேறு ஆள் வாங்கிச் சுற்றுச்சுவர் கட்டினால் நாற்காலி போகவும் இடமிருக்காது. மாசக் கடைசி வரை லீலா அக்காவுக்காகப் பொறுப்பதாக அவர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் லோன்.

அவர் வீட்டை ஒழுங்காகத்தான் அளந்தேன். கம்பேரபிளில் முதல் இரண்டு வீடுகளையும் உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்றாவது அதே ரோட்டில், வளைவு தாண்டி. இரண்டு மாடி, தூண் வைத்த போர்ட்டிகோ, மேலே கண்ணாடிக் கைப்பிடி போட்ட பால்கனி. கேட் பூட்டியிருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கம்பி வழியாக இரண்டு படம் எடுத்தேன். எதிர்த்த டீக்கடையில் விலை கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலை எனக்கே குறைவாகத்தான் பட்டது. குறைவாகப் பட்டும், ஏன் என்று கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பைக்கை எடுத்துவிட்டேன்.

ரோட்டோரத்தில் இருக்கும் மாடி வீடே இந்த விலை என்றால், உள்ளே கிடக்கும் சின்ன வீடு என்ன போகும்? ரிப்போர்ட்டில் லீலா அக்காவின் வீட்டு விலை இறங்கிவிட்டது. லோனும் இறங்கியது. பேங்க் மேனேஜர் நல்ல மனிதர், ஏன் குறைந்தது என்று கேட்ட லீலா அக்காவிடம் ரிப்போர்ட்டின் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அக்கா அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

4. சானல் கரை

உள்ளறையிலிருந்து தாஸ் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து படத்தை வாங்கிப் பார்த்தார்.

"லே, நீ பாத்தது வீட்டயா, வீட்டுக்க மூஞ்சயா?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"அவங்க சொல்லுகதையும் எழுதாத. லோன் அவங்களுக்காக்கும். போய் கண்ணால பாத்துட்டு வா."

லீலா அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. கலவை சுமந்தவள் சொல்லை விட உங்க கேமரா பெரிசா என்று முனகினார். ஆனாலும் பைக்கில் ஏறிவிட்டார். போகும் வழியெல்லாம் அந்த வீட்டின் கதையைச் சொன்னார். கட்டியவர் சவூதியில் டிரைவர். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் குறித்தாகிவிட்டது. கையில் இருந்த பணத்துக்கு முழு வீடும் முடியாது. கான்டிராக்டரிடம் அவர் போனில் சொன்னதை லீலா அக்கா அப்படியே சொல்லிக் காட்டினார்.

"முன்வசத்த பெயிண்ட் அடிச்சி தாரும். வாறவிய பின்வசத்தயா பாக்கப் போறாவ?"

அப்படியே செய்தார்களாம். வந்தவர்களை முன்னறையில் உட்கார வைத்து, பின்கதவுக்குக் குறுக்கே பெரிய அலமாரியை நிறுத்தினார்களாம். கல்யாணமும் நடந்தது. மீதிப் பாதியைக் கட்டுவதற்குள் அவருக்கு வேலை போய்விட்டது. அப்படியே விற்றுவிட்டார்.

கேட் அன்றைக்கும் பூட்டித்தான் கிடந்தது. லீலா அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரப்பர் தோட்டத்து ஓரமாக நடந்து என்னைச் சானல் கரைக்குக் கொண்டுபோனார். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும் கால்வாய், ஊரே குளிக்கவும் துவைக்கவும் வருகிற பொதுக் கரை. அங்கிருந்து பார்த்தால் அந்த வீட்டின் பின்பக்கம் நேராகத் தெரிந்தது.

பின்பக்கம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆறு தூண்கள் நின்றன. அவற்றின் உச்சியில் துருப்பிடித்த கம்பிகள். ஒரு மாடிப்படி எட்டுப் படி ஏறி அந்தரத்தில் நின்றது. முன்பாதியின் முதுகு பூசப்படாத செங்கலாக இருந்தது. பால்கனிக்குப் பின்னால் அறையே இல்லை, கதவு மட்டும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன்.

"ஓய், யாருகிட்ட கேட்டு பிடிக்கிய?"

தூண்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு எழுந்து வந்தார். வீட்டை வாங்கியவர், பலசரக்குக் கடைக்காரர். பக்கத்து வீட்டுத் தோட்டம் வழியாக வந்து வாழை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். எடுத்த படத்தை வைத்து அக்காவின் லோனைக் குறைத்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

"நானும் முன்ன நின்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கப் போனவன் தான். எனக்க வீட்டுக்காரி தான் கேட்டா, அடுக்களை எங்கன்னு. தேடுனோம். இல்ல. அதுக்கு பொறவாக்கும் வெல பாதியா எறங்குனது."

லீலா அக்கா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "ஒமக்க வீட்டுக்காரிய பேங்குல வேலைக்கு வைக்கச் சொல்லணும்" என்றார். கடைக்காரர், அவளை வைத்தால் பேங்கு ஒருத்தனுக்கும் லோன் தராது என்றார். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய் அலமாரி நின்ற சுவடு வரை காட்டினார். கொடுத்த விலையையும் தன் வாயால் சொன்னார்.

5. திருத்திய ரிப்போர்ட்

அந்த வீட்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி வேறொரு வீட்டைச் சேர்த்தோம். அடுக்களை முதல் கழிவறை வரை பார்த்தேன். தாஸ் சார் பேங்குக்கு ஒரு கடிதமும் எழுதினார். மூன்றாவது கம்பேரபிளை உள்ளே சென்று பார்க்காமல் சேர்த்தது எங்கள் தவறு என்று தெளிவாகவே எழுதினார். அதற்காக எங்களைப் பேங்கின் வேல்யூவர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்தது. நீக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் ஒரு வேலையும் தரவில்லை. அந்த மூன்று மாதமும் சார் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விலை ஏறியது. ஆனால் லீலா அக்கா எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாதா, தப்பு நீங்க செய்ததுதானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாஸ் சார் நிதானமாகவே சொன்னார், வண்டி வராத வீட்டுக்கு இதற்கு மேல் எழுதினால் அதுவும் ஒரு பின்பக்கம் இல்லாத வீடுதான் என்று. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "செரி, வண்டிய வர வைக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

6. ஆட்டோ போகும் அளவு

நாலு சென்டும் வாங்க அந்த லோன் போதவில்லை. மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அவரும் மனைக்காரரும் கயிறு பிடித்து அளந்திருக்கிறார்கள். மனையின் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும், ரோட்டிலிருந்து வாசல் வரை, ஆட்டோ போகும் அகலம். அது அவர் பேருக்குப் பத்திரமானது. மீதியை வாங்கியவர் இப்போது சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். துண்டு நிலத்தில் செம்மண் அடித்து இறுக்கியிருந்தது, அக்காவே சுமந்து போட்டதாம். ஆட்டோ ஒன்று பின்னோக்கி வந்து வாசலை ஒட்டி நின்றது. அவர் கணவரை டிரைவரும் அக்காவும் கட்டிலிலிருந்து நேராக வண்டிக்கு மாற்றினார்கள். கார் நுழையாது என்று கணவர் வண்டிக்குள் இருந்தபடி குறை சொன்னார். "கார் வாங்குங்க, பொறவு பாப்போம்" என்றார் அக்கா.

எனக்குப் படம் எடுக்கக் கை துறுதுறுத்தது. வழி வந்துவிட்டதே, நாளைக்கே யாராவது இதைக் கம்பேரபிள் ஆக்கலாம். வாசலில் நின்று செல்போனை எடுத்தேன்.

அக்கா ஆட்டோவில் ஏறப் போனவர் திரும்பி வந்து, முந்தானையிலிருந்த சாவியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"அங்க நின்னு பிடிக்க வேண்டாம். தொறந்து அடுக்களையப் பாத்துட்டு பிடியும்."

இப்போது எந்த ஊரில் எந்தக் கேட்டில் நின்றாலும் விலையை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதலில் அடுக்களை எங்கே என்று கேட்கிறேன். விலை குறைவாகப் பட்டால் ஏன் என்று கேட்காமல் டீக்கடையை விட்டு எழுவதில்லை. சில பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா, சாப்பிட வந்தவன் என்று நினைத்து இலை போட்டுவிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் அளந்தேன்.