வேலையை விட்டுப் போனவருக்கு ஒரு போஸ்டர்

சிம்மக்கல்லில் போன் பழுது பார்க்கும் கடைக்காரர் என் போனை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "அண்ணே, இன்னுமா இந்தக் கம்பெனிய விடாம இருக்கீங்க?" என்று கேட்டார். போன வருடமும் இதையேதான் கேட்டார். ஒரே கம்பெனியில் எனக்கு இது மூன்றாவது போன். பழகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். பழக்கம் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். உண்மையில் நான் இதைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்குப் பாதிக் காரணம் வீம்பு, மீதிப் பாதி என் சிநேகிதன். அந்த வீம்பினால் சிநேகிதனையே தொலைக்கப் பார்த்தேன். போனைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் வெறுங்கையோடு நின்றபோது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

அவனும் நானும் சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எங்கள் அம்மாக்கள் அடுத்தவர் வயலில் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து களை எடுத்தவர்கள். நாங்கள் தலையெடுத்த பிறகுதான் இரண்டு வீட்டுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது. நான் பரீட்சை எழுதி, தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனேன். அவன் சிம்மக்கல்லில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர். மதுரையில் ஒரு வீட்டில் விசேஷமென்றால் சாமிக்கு அடுத்தபடியாகத் தேடப்படுகிற ஆள்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கினோம். தேர்ந்தெடுத்தது அவன்தான். எனக்குப் போன் என்றால் பேசினால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவன் அங்கிருந்த போன்களை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்துப் பார்த்தான். விற்கிற பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டாள். கடைசியில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "தொட்டுப் பாரு மாப்ள," என்றான். முதுகு லேசாக வளைந்து, ஓரங்கள் மழுங்கி, பாதி கரைந்த குளியல் சோப்பைப் போல இருந்தது. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியவில்லை.

இதைச் செய்தது யார் என்று அவன் தேடிக் கண்டுபிடித்தான். நாம் யாராவது அப்படித் தேடுவோமா? ஏதோ ஒரு தேசத்தில், சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் அந்தக் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தார். அவர் பேசிய ஒரு வீடியோவை எங்கள் ஆபீஸ் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை பார்த்தோம். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் நான் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டினான். கண்ணால் பார்க்கும் முன்பே கை அந்தப் போனைக் கண்டுகொள்ள வேண்டும் என்றார் அவர். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுத்துவிடுவது என்று யோசிப்பதில்தான் தன் காலம் போகிறது என்றார். அவன் டீயைக் குடிக்க மறந்துவிட்டான்.

மறுநாளே அந்தப் பாடத்தை ஒரு சடங்கு வீட்டு பிளெக்ஸில் பரிசோதித்துப் பார்த்தான். நடுவில் பெண்ணின் முகம், சுற்றிலும் வெள்ளை, கீழே பொடி எழுத்தில் அழைப்பு. பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இம்புட்டு எடத்த வெறுமனே விட்டுருக்கியே, மாமன்மாரு மூஞ்சிய எங்க போடுறது?" என்று கேட்டாராம். பதினான்கு மாமன்மார். பதினான்கு பேரும் கூலிங் கிளாஸ். அவன் எல்லோரையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து புலம்பினான். வேலையில் தன்னைப் போல ஒருத்தர் எங்கோ இருக்கிறார், அவர் சொன்னதை அங்கே நாலு பேர் கேட்கிறார்கள் என்பதில் அவனுக்கு அப்படியொரு ஆறுதல்.

இரண்டு போனும் ஒரே நிறம், ஒரே பூட்டு எண். டீக்கடையில் மாற்றி எடுத்துப் போவது வாரம் ஒருமுறை நடக்கும். ஒரு நாள் என் மனைவி என் எண்ணுக்கு அழைத்து, எதிரில் யார் என்றுகூடக் கேட்காமல், பால் வாங்காமல் எங்கே திரிகிறீர்கள் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் அவன் பால் பாக்கெட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றான். அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் மனது லேசாகிவிடுகிறது. அந்தப் போன் தேய்ந்ததும் அதே மனிதர் செய்த அடுத்த போனையும் சேர்ந்தே வாங்கினோம்.

அவனுக்கு மகள் பிறந்தது அப்போதுதான். அவன் மனைவிக்குக் கூடப் பிறந்த ஆண்கள் யாரும் இல்லை. என்னைத்தான் அண்ணே என்று கூப்பிடும். ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கையில் கொடுத்து, "காதுகுத்துக்கு ஒன் மடியிலதான் மாப்ள," என்றான். எங்கள் பக்கம் காதுகுத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். அந்த இடத்தை ஒருவன் இன்னொருவனுக்குத் தருவது சாதாரண விஷயமில்லை. நான் மறுமாதமே ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் முன்னால் அந்த வடிவமைப்பாளர் கம்பெனியை விட்டு விலகினார். காலையில் செய்தியைப் பார்த்துவிட்டு அவன் எனக்குப் போன் செய்தான், பேச்சே வரவில்லை. வேறொரு கம்பெனிக்குப் போகிறாராம். ஒரு ஆள் வேலை மாறுவதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டேன். அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

மதுரைக்காரன் துக்கமோ சந்தோஷமோ வந்தால் என்ன செய்வான்? போஸ்டர் அடிப்பான். அவன் கையிலேயே தொழில் இருந்தது. அந்த மனிதருக்கு ஒரு நன்றிப் போஸ்டர் அடித்து, சிம்மக்கல்லிலிருந்து தல்லாகுளம் வரை ஒட்டிவிட்டான். நல்ல தமிழில் நாலு வரி, உங்கள் கைவேலை எங்கள் கைகளில் என்றும் இருக்கும் என்று. ஆனால் அவனிடம் இருந்த படம் கறுப்பு வெள்ளை. சுற்றிலும் நிறைய இடம் விட்டு, நடுவில் சிரிக்காத அந்த முகம். கீழே ஊர் வழக்கப்படி எங்கள் இருவர் முகமும் பெயரும். இந்த ஊரில் கறுப்பு வெள்ளை முகத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் பத்து மணிக்கு என் சின்னம்மா ரோஜா மாலையோடு ஆபீஸ் வாசலில் வந்து இறங்கியது. பஸ்ஸிலிருந்து போஸ்டரைப் பார்த்திருக்கிறது. "வெளிநாட்டுக்காரவுக மாதிரி இருக்காகளே, ஒங்களுக்கு எப்பிடிப்பா பழக்கம்? எப்ப எடுக்குறாக?" என்று கேட்டது. சாகவில்லை, வேலை மாறியிருக்கிறார் என்று சொன்னால் நம்பவில்லை. துக்கத்துக்கு வாங்கிய மாலையை வீட்டுக்கு எடுத்துப் போகவும் மாட்டேன் என்றது. கடைசியில் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் மேலேயே மாலையை மாட்டிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறம் வந்தவர் போனவரெல்லாம் அந்த மனிதரைக் கும்பிட்டார்கள். மதியம் எனக்கு மெமோ வந்தது. அரசு ஊழியர் படம் எப்படிப் போஸ்டரில் வந்தது, விளக்கம் தரவும்.

இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் கொதித்துப் போய் நேரே அவன் கடைக்குப் போனேன். என்னிடம் கேட்காமல் என் படத்தை ஏன் போட்டாய் என்று கத்தினேன். எப்போதும் இருவரும் சேர்ந்துதானே என்று அவன் சொன்னது என் காதில் விழவில்லை. இனி அந்தக் கம்பெனிப் போனைத் தொட மாட்டேன், அவர் போகிற கம்பெனிக்கே போகப் போகிறேன் என்றான். நான் கம்பெனியை விட்டு அசைய மாட்டேன் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஆளு போனா கொடிய மாத்துற வீடுதானடா ஒங்க வீடு," என்றேன்.

அதன் கனம் வெளியாருக்குப் புரியாது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தலைவர் கட்சியை விட்டு வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார். அவன் அப்பா அவர் பின்னால் போனார். என் அப்பாவோ, ஆள் வருவான் போவான், சின்னம்தான் நிரந்தரம் என்று பழைய சின்னத்திலேயே நின்றார். புதுக்கட்சி இரண்டு தேர்தலில் காணாமல் போனது. அவன் அப்பா சாகும்வரை டீக்கடையில் அவரைக் கொடி மாற்றியவர் என்றுதான் கிண்டல் செய்தார்கள். காசுக்கோ பதவிக்கோ போனவரில்லை, அந்தத் தலைவர் மேல் வைத்த அன்பில் போனவர். அவன் அப்பாவைத் தூக்கும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்தவன் நான். அப்படிப்பட்ட நான்தான் அதைச் சொன்னேன்.

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி யாருடைய கல்யாண பிளெக்ஸையோ சரி செய்யத் தொடங்கினான்.

அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. வழியில் பார்த்தால் அவன் தலையைக் குனிந்துகொள்வான், நான் போனைப் பார்ப்பேன். கம்பெனி புது ஆட்களை வைத்து அடுத்த போனைக் கொண்டு வந்தது. வளைவு போய்விட்டது. நாலு மூலையும் செங்கல் மாதிரி. உட்கார்ந்தால் தொடையில் குத்தும். பிடிக்காமலே வாங்கினேன். மாறினால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடுமே. யாராவது குறை சொன்னால் அந்தக் கம்பெனி என் சொந்தக்காரன் வைத்தது போல வாதாடினேன். பழைய போனை மட்டும் விற்க மனம் வரவில்லை. பீரோவில் தோட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். தோட்டைப் பார்க்கும்போதெல்லாம் போனையும் எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பேன்.

பிள்ளைக்கு மூன்று வயது ஓடிக்கொண்டிருந்தது. காதுகுத்தை இனி தள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். யார் மடியில் உட்காரும் என்று நினைத்தாலே சோறு இறங்காது. எனக்கு அழைப்புப் பத்திரிகை வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சமயநல்லூர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது சாலையோரம் ஒரு பிளெக்ஸைப் பார்த்தேன். முக்கால்வாசி வெள்ளை. ஒரு மூலையில் மொட்டையடித்த பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் காதணி விழா. வேறு எவர் முகமும் இல்லை. கீழே தாய்மாமன் என்று மட்டும் எழுதி, அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய வட்டம் வெறுமையாக இருந்தது. எனக்கு முன்சீட்டில் இருந்தவர், "படம் போட மறந்துட்டாய்ங்க போல," என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிறு வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது? அந்த வட்டம் எனக்காகத்தான் என்று நானே நினைத்துக்கொள்வதா, இல்லை அந்த இடத்தில் இனி எவனும் இல்லை என்று சொல்கிறானா? என் மனைவிதான், தோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், வேண்டாமென்று சொன்னால் திரும்பி வாருங்கள் என்றாள். பழம், வெற்றிலை பாக்கு, பிள்ளைக்குப் புதுத்துணி, தோடு என்று தாய்மாமன் கொண்டுபோகும் சீர்த் தட்டை அவளே அடுக்கினாள்.

கோயில் மரத்தடியில் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜமுக்காளத்தில் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவன் மனைவி என்னைப் பார்த்ததும், "ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்று கேட்டுவிட்டு, நேற்றுத்தான் பார்த்தது போலத் தட்டை வாங்கிக்கொண்டது. அவன் படம் எடுக்கத் தயாராக நின்றான். கையில் இருந்தது அந்தப் பழைய போன்தான், வளைந்த முதுகு, கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். என் பீரோவில் இருப்பதன் ஜோடி.

"அவரு கம்பெனிக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"அவரு அங்க செஞ்சதும் பிடிக்கல. ஒன் கம்பெனி இப்ப செய்றதும் பிடிக்கல," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. "இதே போதும்னு இருக்கேன்."

பிளெக்ஸில் வட்டத்தை ஏன் வெறுமனே விட்டாய் என்று கேட்டேன்.

"போன தடவ கேக்காமப் படத்தப் போட்டதுக்குத்தான அம்புட்டுப் பேச்சு."

அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னது தப்பு என்றேன். அவர் கொடி மாற்றியவர் இல்லை, அது எனக்கு எப்போதும் தெரியும் என்றேன். அவன் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தான். அதற்கு என்னைத் தெரியவில்லை. என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த போன் மூலை அதன் கன்னத்தில் குத்த, முகத்தைச் சுளித்தது. நான் போனை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு மடியை விரித்து உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியோடு குனிந்தார். பிள்ளை அதைப் பார்த்ததும் உடம்பை முறுக்கிக்கொண்டு அலறத் தொடங்கியது.

அவன் என் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து என் தோளில் கை போட்டான்.

"கெட்டியாப் பிடி மாப்ள," என்றான்.