ஐம்பது கலிபரும் ஒரு ஹாட் டாக் மேசையும்

குண்டில்லாத துவக்கு என்னை என்ன செய்துவிடும் என்றுதான் முதலில் நம்பினேன். காஸை எரித்துச் சத்தம் மட்டும் எழுப்புவார்களாம். தீபாவளிக்கு வெடி கொளுத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்டிலிருந்து ஃப்ரீவே முழுக்க மகளிடம் பகிடி விட்டுக்கொண்டே வந்தேன்.

பழைய போர் விமானங்கள் நிற்கும் அருங்காட்சியகம் ஒன்றில் வார இறுதி வழிகாட்டியாகச் சேர அவளுக்கு ஆசை. பதினேழு வயது. சனத்துக்கு முன்னால் ஒருதரம் பேசி, கடைசியில் துவக்கை இயக்கியும் காட்ட வேண்டும். தேர்வு செய்கிற தாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நன்றாகத்தான் பேசினாள். இரண்டாம் உலகப் போர் விமானங்களில் பூட்டிய கனரக இயந்திரத் துப்பாக்கிகளில் இத்தாலியருடையது பாரம், போதாததற்கு மந்தம். ஜப்பானியர் அமெரிக்கத் துவக்கைப் பார்த்துச் செய்து, சின்னக் குண்டு போட்டுப் பாரத்தைக் குறைத்தார்கள். ரஷ்யருடையது இலேசு, வேகமும் கூட. அமெரிக்கரின் ஐம்பது கலிபர் துவக்கு கனம்தான், ஆனால் நம்பலாம், இடையில் சிக்கி நிற்காது.

சனம் தலையாட்டியது. பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்த ஒருவர் 'நைஸ்' என்றார். எது நன்றாகக் கொல்லும் என்று, குக்கர் வாங்க வந்தவர்கள் மாதிரி விசாரிக்கிறார்கள். கீழே படுத்துக் கிடந்தவனைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அதைவிட அருவருப்பு, நானும் கைதட்டியது. பெற்ற பிள்ளை பேசினால் கை தன்பாட்டில் தட்டுகிறது.

பிறகு அவள் விசையை அழுத்தினாள்.

அடுத்து எனக்குத் தெரிந்தது ஹாட் டாக் விற்கிற மேசையின் அடிப்பக்கம். முழங்காலில் கடுகுச் சாறு, காதில் இரண்டு கை, முகம் தரையில். யாழ்ப்பாணத்தில் ஆமி ஹெலிகாப்டர் சுற்றிச் சுடும்போது சின்ன வயதில் எப்படிப் படுத்தேனோ, அதே படுக்கை. இந்த உடம்பு இவ்வளவு வேகமாக வளையும் என்று என் டாக்டருக்கே தெரியாது. மேசைக்காரப் பெண் மாரடைப்பு என்று நினைத்து ஆம்புலன்சைக் கூப்பிடப் போனாள்.

மகள் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து குனிந்தாள்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் காஸ்."

"எனக்குத் தெரியும். இந்த முழங்காலுக்குச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. ஊரில் ஹெலியில் பூட்டியிருந்தது இதில் எது என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள்.

"நீ கடைசியாச் சொன்னது. இடையில நிக்காது எண்டாய். உண்மைதான் பிள்ளை, நிக்கேல்லை."

அதற்குள் தாடிக்காரர் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று அவளைக் கேட்டார். இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்றும் விரும்பினேன். ஆனால் என் கை, கடுகுச் சாறு வழிய, போ போ என்று காட்டியது.

போனாள். மறுபடி அழுத்தினாள். நான் காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்.