கொட்டாங்குச்சித் தராசும் கடைசி வரிசையும்

பாடம் நடத்தாமல் இருக்கச் சம்பளம் வாங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள், கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் கற்றல் மையத்துக்கு ஒரு நாள் வந்து சும்மா இருந்து பார்க்கலாம். இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் விரும்பியதைச் செய்வார்கள், பெரியவர்கள் குறுக்கே வரக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

கிழங்கு

எட்டு வயது கனிஷ்கா, கொட்டாங்குச்சியில் தராசு கட்டி மரவள்ளிக் கிழங்கை நிறுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு தட்டு எப்போதும் தாழ்ந்தே நின்றது. காரணம் எனக்குத் தெரியும், சொல்லக்கூடாது.

கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போகும் அவள் அம்மா அஞ்சலை விசாரிக்க வந்தார். நெம்புகோலில் தொடங்கிப் பழங்காலக் கிரேக்கர்கள் வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கெழங்கு எட போடறதுன்னா எங்கூடவே இட்டுக்கினு போயிருப்பேனே சார். இன்னாத்துக்கு இங்க அனுப்பறேன்?"

டை

அடுத்த வாரம் மறுபடி வந்தார். சின்னசேலத்துப் பள்ளி வேன் ஒன்று அவர்கள் தெருவரை வருகிறதாம். டை, ஷூ எல்லாம் உண்டாம். வெள்ளிக்கிழமை வந்து மகளை அழைத்துப் போய்விடுவாராம். கனிஷ்கா தராசைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். குழந்தையின் விருப்பம் என்று நான் ஆரம்பித்தேன். அஞ்சலை குரலை உயர்த்தவில்லை.

"என்ன மாதிரி அவளும் வெயில்ல கெழங்கு புடுங்கக் கூடாது சார். அவ விருப்பத்தக் கேட்டுக்கினு இருந்தா அது நடக்குமா?"

வெள்ளிக்கிழமை

அன்று பிள்ளைகள் தாங்களாகத் தேர்ந்தெடுத்த விளையாட்டு, பள்ளிக்கூடம். கனிஷ்காதான் டீச்சர். கையில் மரவள்ளிக் குச்சி. மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்து இரண்டாம் வாய்ப்பாட்டைக் கத்தினார்கள். நாங்கள் ஒழித்துவிட்டதாக நம்பிய அத்தனையும் ஒரே அறையில் உயிரோடு இருந்தது. தடுக்க எழுந்தேன், சட்டம் நினைவுக்கு வந்தது. எழுந்த குற்றத்துக்காக டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினாள்.

பிறகு தராசைத் தூக்கிக் காட்டி, ஏன் சாய்கிறது என்று கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள். நடுக்கயிறு ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டியிருக்கிறது என்று குச்சியால் தொட்டுக் காட்டினாள். அவிழ்த்து நகர்த்திக் கட்டினாள். தட்டுகள் சமமாக நின்றன.

அஞ்சலை வாசலில் எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மகளின் பையை எடுக்காமல் என் பக்கம் வந்தார். "இத்தினி நாளா இந்தப் படிப்ப ஏன் சார் மறைச்சு வெச்சிக்கினு இருந்தீங்க? அவ இங்கயே இருக்கட்டும். ஆனா, அந்தக் குச்சி உங்க கையில இருந்தாத் தேவல."

குழந்தை காட்டும் வழியில் நடப்பதே கல்வி என்று ஊரெல்லாம் பேசிவருகிறேன். அந்த வழி கைகட்டிக் கடைசி வரிசையில் போய் முடியும் என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.