ஸ்ட்ரேஸ் காட்டிய கடைசி வரி

சுனாமிக்குப் பிறகு சில வருடங்கள் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் கவுண்டரில் தினக்கூலிக்கு ஒரு பெண் இருந்தாள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். அலைக்குப் பிறகு மின்னி பே பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வீட்டில் வேலைக்குப் போனது அவள் மட்டும்தான்.

அவள் கணினி அடிக்கடி உறைந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். ஒரு வெயில் நாளில் மேலாளர் தானே உட்கார்ந்து பார்த்தார். நன்றாக ஓடியது. "மெஷின் டீக் ஹை. இவ கைதான் சரியில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். "பால் வெட்டுற கை, கீபோர்டையும் கீறிப் பாக்குது" என்று நான் அடித்த நக்கல் அலுவலகம் முழுக்கச் சுற்றியது.

ஒரு மழை நாளில் மறுபடி உறைந்தது. "அண்ணே, நான் சரியாத்தானே அழுத்துறேன்? ஒருக்கா பாருங்களேன்" என்று கெஞ்சினாள். வேண்டா வெறுப்பாக ஸ்ட்ரேஸை ஓட்டினேன். கோப்பைத் திற, படி, எழுது என்று ஒரு நிரல் கணினியிடம் கேட்பதையெல்லாம் வரிவரியாகத் திரையில் கொட்டும் கருவி அது. கடைசி வரி கனெக்ட். அதற்குமேல் நகரவில்லை. சென்னையில் இருந்த ஒரு சர்வரைக் கூப்பிட்டுவிட்டு நிரல் பதிலுக்குக் காத்திருந்தது. மழையில் சாட்டிலைட் இணைப்பு போயிருந்தது.

அந்தக் கணினியை மட்டும் நிறுவியவன் நான். மெயின்லேண்டிலிருந்து வந்த செட்டிங்ஸ் கோப்பை அப்படியே போட்டிருந்தேன். அங்கிருந்து வந்தது என்றால் இங்கே எவனும் கைவைக்க மாட்டான், வேதவாக்கு. சென்னை முகவரியை எடுத்துவிட்டு அலுவலகத்திலேயே இருந்த எங்கள் சர்வரின் முகவரியைப் போடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவளைப் பற்றிய நினைப்பே வரவில்லை. என் வேலை போய்விடுமோ என்ற பயம்தான்.

திரையில் இருந்த வரிகளை அழித்தேன். "க்யா ஹுவா?" என்று மேலாளர் வந்து நின்றார்.

"கண்ட கீயையும் அழுத்தியிருக்கா சார்" என்றேன்.

மறுநாள் முதல் வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் போனதும் முகவரியை மாற்றினேன். ஒரு நிமிட வேலை. அப்புறம் எந்த மழைக்கும் அது உறையவில்லை. "பாத்தியா?" என்றார் மேலாளர்.

அடுத்த மாதம் அவள் கச்சாலுக்கு டிக்கெட் எடுக்க வந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாததால் மூன்றாம் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் உடனே வந்தது.

"நல்லா ஓடுதே அண்ணே" என்றாள். "அப்ப என் கைதான் சரியில்ல போல."

"ஆமா" என்றேன்.