சாரலில் விற்ற புஞ்சை

குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது தென்காசிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். என்ன காற்று, என்ன குளிர்ச்சி, இந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டால் போதும் என்பார்கள். வெளியூர்க்காரன் அப்படிப் பேசினால் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து சேற்றிலேயே வளர்ந்த என் அப்பாவும் அதே பேச்சைப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் மேலகரத்தில் இருந்தோம். எங்களுக்கு இருந்தது ஒரே வயல். அதுவும் அப்பாவுடையது இல்லை. அம்மாவின் கல்யாணத்தில் அவளுடைய அப்பா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. சிற்றாற்றுக் கால்வாயில் மேல்மடையை ஒட்டிக் கிடந்தது. ஆனியில் மலையில் மழை பிடித்தால் கீழே உள்ளவர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தண்ணீர் வந்துவிடும். கார், பிசானம் என்று இரண்டு போகமும் விளையும். சிறிய வயல்தான். ஆனால் நாங்கள் அரிசி வாங்கக் கடைக்குப் போனதில்லை.

அந்த வயல் அப்பாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெண்டாட்டி வீட்டு வயலில் சாப்பிடுகிறவன் என்று எவனோ ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவிட்டானாம். தன் பெயரில், பெரிதாக, நான்கு பக்கமும் வரப்பு போட்ட நிலம் வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு வெறி.

நான் அப்போது தென்காசியில் நாலாம் பாரம் படித்தேன். இன்றைய ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பூகோள வாத்தியார் பழைய நிலக்காரக் குடும்பம். பாகம் பிரித்ததில் பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே அவருக்கு ஒரு பெரிய புஞ்சை வந்திருந்தது. அதை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அப்பா காதுக்கு வந்தது. அம்மாவின் வயலை விற்றால் அதைப்போல ஐந்து மடங்கு புஞ்சை கிடைக்கும். ஆனிச் சாரல் தொடங்கியதும் வாத்தியாரே ஆள் அனுப்பி, வந்து நிலத்தைப் பார்க்கச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வாத்தியார் குடையோடு காத்திருந்தார். அது வரைக்கும் அப்பாவை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு அண்ணாச்சி என்று கூப்பிட்டார். அப்பாவுக்கு அதிலேயே பாதி மயக்கம்.

செம்மண் நிலம். மேற்கே பார்த்தால் மலை தெரியவில்லை, அவ்வளவு மேகம். காற்று ஆளைத் தள்ளியது. முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் தெறித்தது. அம்மாவின் சேலை முந்தானை நனைந்துவிட்டது. அவள்கூட, இங்கன கூடச் சாரல் வருதே என்று என்னிடம் சொன்னாள். நிலத்தின் மூலையில் ஒரு கிணறு. எட்டிப் பார்த்தோம். அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் கிடந்தது. அப்பா வாத்தியார் முகத்தைப் பார்த்தார்.

“இப்பத்தானே அண்ணாச்சி சாரல் பிடிச்சிருக்கு. ஊறும்” என்றார் வாத்தியார்.

அன்று அவர் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். காற்று உண்மை. மேகம் உண்மை. நனைந்த சேலையும் உண்மை.

அதே வாரம் வகுப்பில் பருவக்காற்றுப் பாடம் வந்தது. அந்த ஆளைப்போல நடத்த அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். போர்டில் ஒரு மலையைப் போட்டார். கடல் பக்கமிருந்து அம்புக்குறி போட்டார். ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடும், மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி வறண்டுவிடும், அந்தப் பக்கத்துக்கு மழை மறைவுப் பிரதேசம் என்று பெயர் என்றார். புத்தகத்தில் உதாரணம் பம்பாயும் பூனாவும். பம்பாய்க்கு மழை, பூனாவுக்கு இல்லை.

நான் எழுந்து, நம்ம ஊர் மலைக்கு எந்தப் பக்கம் சார் என்று கேட்டேன். அவருக்குப் பாடம் நடத்துகிற ருசியில் யார் கேட்கிறது என்று நினைவில்லை.

“நாமளும் மறைவுப் பக்கந்தான். செங்கோட்டைக்கு மேற்க மலை தணிஞ்சு கெடக்கு. அந்த வழியா வாரதுதான் நம்ம சாரல். கிழக்க போகப் போக வெறும் காத்துதான். ஐப்பசி மழைய விட்டா அங்க ஒண்ணும் கெடையாது.”

சொல்லி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். கையிலிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டினார். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். போர்டில் போட்ட மலையைக் கரித்துண்டால் அடுப்படித் தரையில் போட்டும் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. ஊரில் இத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர் ஏமாற்றுவாரா என்றார். அவரேதான் சொன்னார், இன்றைக்குத்தான் சொன்னார் என்றேன்.

“அது பாடம்ட்டி” என்றார் அப்பா. “பாடம் வேற, நெலம் வேற.”

இரண்டொரு நாளில் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அப்பா நான் சொன்னதை ஒரு வேடிக்கைபோல அவரிடம் சொன்னார். என் எதிரிலேயே சொன்னார். அவர் கொஞ்சம்கூட முகம் மாறவில்லை.

“ஒங்க மக நல்லாப் படிக்கா அண்ணாச்சி. அது பூனாவுக்குள்ள பாடம். படமாப் போட்டா எல்லா மலையும் ஒண்ணு போலத்தான் தெரியும்.”

இருவரும் சிரித்தார்கள். பதினான்கு வயதுப் பெண் வாத்தியாரைப் பொய்யர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. இன்றைக்கு என்றால் சொல்லியிருப்பேன்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஆவணி வரைக்கும் பொறுத்தா என்ன?”

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆவணியில் சாரல் ஓய்ந்துவிடும். வெயிலில் அந்த நிலம் எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். வாத்தியாருக்கு அது தெரியும். ஆடியில் யாரும் பத்திரம் முடிக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆவணிக்கு வேறு ஆள் சொல்லி வைத்திருக்கிறான், அண்ணாச்சி முகத்துக்காகத்தான் இதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். அப்பா அம்மாவைப் பார்த்து, ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். அம்மா ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். தென்காசியில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் வயலை வாங்கியது. காருக்குப் பாவியிருந்த நாற்றங்காலோடு விற்றோம்.

ஆடியில் அப்பா புஞ்சையில் சோளம் விதைத்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் ஆடியில் விதைப்பதில்லை. வரப்பில் நின்று பார்த்துவிட்டு, மேற்கே உள்ள ஆளுபோல, காத்த நம்பி வெதைக்காரு என்று அவர் காதில் விழும்படியே பேசியிருக்கிறார்கள். முளைத்தது விரலளவுக்கு வந்து கருகிவிட்டது. ஆவணியில் மேகம் விலகியது. அப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆனியில் கிடந்த கலங்கலும் இல்லை.

ஐப்பசியில் ஏதோ பெய்தது. கொஞ்சம் கம்பு எடுத்தோம். அப்பா மலையிலிருந்து விழுகிற தண்ணீருக்குப் பழகியவர். மாட்டைக் கட்டி இறைத்து விவசாயம் செய்யத் தெரியாது. தெரிந்தாலும் இறைக்கக் கிணற்றில் ஒன்றும் இல்லை. அம்மாவின் கம்மல் போனது, கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தார்கள். பாறைதான் வந்தது. அடுத்த ஐப்பசி பொய்த்துவிட்டது.

அந்த முதல் வருஷப் பரீட்சையில் மழை மறைவுப் பிரதேசம் பற்றிக் கேள்வி வந்தது. நான் பம்பாய், பூனா என்று எழுதவில்லை. குற்றாலத்துக்கு மழை, பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே வெறும் காற்று என்று எழுதினேன். கிணற்றைப் பற்றியும் எழுதினேன். தாளைத் திருத்தியவர் அவர்தான். அந்தக் கேள்விக்கு முழு மார்க்கு போட்டிருந்தார். தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வருத்தப்பட்டார் என்று சொல்ல வருகிறீர்களா? வருத்தத்தை வைத்து நான் என்ன செய்ய? வயலை அவர் திருப்பித் தரவில்லை.

இன்று அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுற்றுகின்றன. காற்று என்னவோ நிறைய இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

புஞ்சை வாங்கிய மூன்றாவது வருஷம் ஆனியில் எங்கள் வீட்டில் நெல் இல்லை. அம்மா நடவுக்கூலிக்குப் போனாள். மேலகரத்தில் எந்த வயலுக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். அவளுடைய வயலுக்கும் கூப்பிட்டார்கள். அன்று பள்ளிக்கூடம் இல்லாததால் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கடைக்காரர் வீட்டம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல பொம்பளைதான், அவளைக் குறை சொல்ல முடியாது. வயலுக்குரியவர்கள்தான் முதல் நாற்றை நட வேண்டும். அவள் ஒரு நாற்று முடியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

“நீங்க வையுங்கக்கா. ஒங்க கைராசிலதான் இதுல வெளையுதுன்னு எல்லாரும் சொல்லுதாக.”

மற்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா வாங்கி ஈசான மூலையில் நட்டாள். பிறகு வரிசையில் சேர்ந்து, மற்றவர்களைப்போலக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே போனாள். சாயங்காலம் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் அப்பா நடையில் உட்கார்ந்திருந்தார். புஞ்சைக்குப் போவதை அப்போது நிறுத்தியிருந்தார். அம்மாவின் காலில் முழங்கால்வரை இருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்த வயல் சேறு என்று அவருக்குச் சொல்லியிருந்தோம்.

“கால்வாயில தண்ணி வந்துட்டா?” என்று கேட்டார்.

“வந்துட்டு.”

“நெறையவா?”

“கரை தொட்டுப் போவுது” என்று சொல்லிவிட்டு, அம்மா கால் கழுவப் போனாள்.