நோயாளி போட்ட காபி

வீட்டில் ஒருவர் நோயில் விழுந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனால், கூட இருப்பவருக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேரும்: உதவித்தொகைக்கு அலைகிற வேலை. அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி அஞ்சலையை நான் கடைசியாக உயிரோடு பார்த்ததும் அந்த வேலையாகக் கிளம்பும்போதுதான். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் அந்த மாதம் ஏனோ வரவில்லை. திண்டிவனம் போய்க் கேட்க வேண்டும். தயங்கி நின்ற என்னைப் பார்த்து, “விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட பஸ்சு நின்னுக்கினே இருக்கும், ஜல்தி கெளம்புங்க. போற வழியில எதுனா சாப்புடுங்க” என்றாள். நான் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. இனிச் சொல்லப்போவதெல்லாம் அதற்கு முன்னால் நடந்தவை. அவள் இருந்தபோது நடந்தவை என்பதால் சிரிக்கவும் இடமுண்டு.

வெளியே தெரியாத நோய்

மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை நிலத்துக்கு, களையெடுக்க ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் அஞ்சலை. இதயத்தில் வால்வு சுருங்கிய பிறகு வாசலுக்கு வந்தாலே மூச்சு வாங்கியது. நான் நெல் மண்டியில் மூட்டை தைப்பவன். என் ஒருவன் கூலியில் சோறு வாங்கினால் மாத்திரை இல்லை, மாத்திரை வாங்கினால் சோறு இல்லை.

நோயால் உழைக்க முடியாதவர்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, டாக்டர் கொடுத்த சான்றோடு இருவரும் திண்டிவனம் ஆபீசுக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கை கால் எல்லாம் சரியாக இருந்தன. நோய் நெஞ்சுக்குள்ளே இருக்கிறது என்றேன். கெட்ட மனுஷர் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். “உள்ள இருந்தா எப்படிங்க? வெளிய தெரியிற மாதிரி எதுனா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்.”

காபி

வீட்டுக்கு வந்து பார்த்து எழுத ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். நான் அஞ்சலையைப் படுத்திருக்கச் சொன்னேன். அவளோ விடியும்போதே தலைவாரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டுவிட்டாள். “ஊட்டுக்கு வந்த மனுசர் எதிர்ல படுத்துக்கினு கெடப்பாங்களா? இன்னா நெனப்பாரு?” என்று எனக்குத்தான் திட்டு.

அதிகாரி வந்து உட்கார்ந்ததும் தானே எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். கை நடுங்காமல் நீட்டினாள். அவர் போன பிறகு சுவரில் சாய்ந்தவள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்? டம்ளரை வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “காபி பிரமாதம்மா. இந்தக் காபியக் குடிச்சிட்டு, உங்களால வேல செய்ய முடியாதுன்னு நான் எப்படி எழுதறது?”

வாட்ச் கட்டிய நோயாளி

மனு தள்ளுபடி. மறுபடியும் வரிசை. அங்கே கோட்டக்குப்பத்து அம்மா ஒருவர் பக்கத்தில் நின்றார். துபாயில் வேலை பார்த்த வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டு, திரும்பி வந்து படுத்திருக்கிறாராம். நான் காபிக் கதையைச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“நீங்க பரவால்ல அண்ணே. எங்க ஊட்டுக்காரரு இஸ்திரி போட்ட சட்ட, துபாய் வாட்ச்சு, சென்ட்டு எல்லாம் போட்டுக்கினு உக்காந்துட்டாரு. வந்தவரு என்னப் பாத்து, ‘உக்காரும்மா, உனக்கு எத்தன நாளா ஒடம்பு சரியில்ல?’ன்றாரு.”

அடுப்பு வரை

இரண்டாம் தடவை வந்தது இளவயது அதிகாரி, ஒரு பெண். நான் முந்தின நாளே அஞ்சலையிடம் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். “படுக்கறேன், படுக்கறேன், பேஜாரு பண்ணாதீங்க” என்றாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டாள். அதே புடவை. இதுவும் போனால் மாத்திரையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தப் பெண் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “காபி எல்லாம் வேணாம்மா” என்றாள். அஞ்சலை கேட்கிறவளா? அடுப்படிக்கு நடந்தாள். பாதியில் சுவரைப் பிடித்து நின்றாள். கதவைப் பிடித்து நின்றாள். பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். நான் எழுந்தபோது அந்தப் பெண் கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போய் அவளைத் தோளோடு அணைத்து அழைத்துவந்தாள். பால் கொதிக்கவே இல்லை. “அம்மா, ஊர்ல எல்லாரும் முடியலன்னு எங்கிட்ட சொல்வாங்க. நீங்க ஒருத்தர்தான் நடந்து காமிச்சீங்க.”

அடுத்த மாதமே பணம் வந்தது. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை.

அவங்க வரணும்

அவளுடைய காரியம் முடிந்த பிறகு, பணத்தை நிறுத்தச் சொல்லிப் போனேன். ஜன்னலில் புதிதாக ஒருவர். அஞ்சலையின் பெயரைச் சொன்னேன். நிமிராமலே, “எதுவா இருந்தாலும் அவங்க நேர்ல வரணும்ங்க” என்றார். பிறகுதான் நிமிர்ந்து என் மொட்டைத் தலையைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கய்யா. தெரியாம சொல்லிட்டேன்.”

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எந்த ஜன்னல் எப்போது திறக்கும் என்று இப்போது எனக்கு அத்துப்படி. கேட்டு வாங்கத்தான் வீட்டில் நோயாளி இல்லை.