காகம் தொடாத தட்டு

இறந்தவருக்குப் படைத்த உணவை நான் எருக்குழியில் கொட்டினேன். கொட்டிவிட்டு, காகம் எடுத்துக்கொண்டது என்று பொய்யும் சொன்னேன். முருகன் படத்துக்கு முன்னால்கூட இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

என் மகன் உக்ரைனில் மருத்துவம் படித்தவன். அங்கேயே ஒக்ஸானாவைக் கட்டிக்கொண்டான். போர் வந்ததும் இருவரும் நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா போரில் இறந்துபோனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

நான் அவளை வெறுக்கவில்லை. அவள் சமையலின் மேல்தான் ஓர் அருவருப்பு... அது இருந்தது.

அன்று புரட்டாசி அமாவாசை. என் வீட்டுக்காரருக்குப் படையல் போட விரதம் இருந்தேன். குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தால் சன்னலில் ஒரு தட்டு. அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை. வரேனிகி என்பாள். மைதாவைத் தேய்த்து, உள்ளே எதையாவது வைத்துப் பிறைபோல மடித்து, கொதிநீரில் வேகவிடுவது. மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம். விரத நாளில் வெங்காயம்! உள்ளே கறிதான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன்.

ஒன்றைப் பிட்டுப் பார்த்திருக்கலாமே... ஏன் பார்க்கவில்லை? தீட்டு என்று நினைத்தேன். கொண்டுபோய்க் குழியில் கவிழ்த்தேன். விழுந்ததில் ஒன்று பிளந்தது. உள்ளே வெறும் உருளைக்கிழங்கு.

வெறுந்தட்டோடு திரும்பினால் வாசலில் ஒக்ஸானா.

"தட்டுல இருந்தது எங்க அத்தை? அப்பாவுக்கு வெச்சேன். நீங்க மாமாவுக்கு வெக்கறீங்கல்ல... அதான் நானும்."

"காக்கா எடுத்துக்கிச்சு கண்ணு" என்றேன்.

பின்னால் நின்ற மகன் சிரித்தான். "எனக்கு ஒன்னுகூட வெக்காம தின்னுட்டாரா மாமனாரு?" என்றான். காகம் எடுத்தால் இறந்தவரே வந்து சாப்பிட்ட மாதிரி என்று அவள் மொழியில் விளக்கினான். அவள் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதிலிருந்து அமாவாசை தவறாமல் செய்கிறாள். என் இலையும் அவள் தட்டும் மாடிச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காகம் என் சோற்றைத் தின்றுவிட்டுப் பறந்துவிடுகிறது. அவளுடையதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வெங்காயத்தை விட்டாள். உப்பைக் குறைத்தாள். வெயில் ஏறும்வரை அங்கேயே நிற்பாள்.

"அன்னைக்கு எல்லாத்தையும் சாப்ட்டாரே அத்தை. இப்ப ஏன் வரல? விட்டுட்டு வந்துட்டேன்னு எம்மேல கோவமா?"

உண்மையைச் சொன்னால், அவர் ஒருநாளும் வரவில்லை என்றாகிவிடும். சொல்லாவிட்டால், அவர் கோபத்தோடு போனவராகவே அவளுக்கு இருப்பார். எதைச் சொல்லி அவளை ஆற்றுவது... சாமி கும்பிட உட்கார்ந்தால் மந்திரம் வருவதில்லை, அந்தப் பிளந்த உருளைக்கிழங்குதான் வருகிறது.

இன்றும் அமாவாசை. காலையில் மாவை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க மடிங்க அத்தை. உங்க கைன்னா அப்பா வருவாரு."

மடித்துக் கொடுத்தேன். ஓரம் பிரியாமல் அழுத்தி அழுத்தி மடித்தேன்.

மாடியில் நின்று காகத்தைக் கூப்பிடுகிறாள். கீழே அடுப்படிவரை கேட்கிறது.